ஐந்தாவது புள்ளி

மாம்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சவரிராயன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மலையிறங்கிப் பொள்ளாச்சிக்கு வந்தார். மடியில் ஒரு பை. பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டி.

பெட்டி சரியில்லை என்று சொல்லத்தான் வந்தார். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஏன் இவ்வளவு தூரம் வருகிறோம் என்று பஸ்ஸில் இரண்டு முறை தன்னையே கேட்டுக்கொண்டார்.

அவருடைய டீச்சர் மெகருன்னிசாவுக்குப் பொள்ளாச்சியில் தையல்கடை. டீச்சருக்கு வயது நாற்பத்திரண்டு. சவரிராயனுக்கு நாற்பத்தொன்பது. இளையவரை டீச்சர் என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. டீச்சரின் அப்பா கப்பலில் வயர்லெஸ் பார்த்தவர். மகளுக்கு அரிச்சுவடி தெரியும் முன்பே மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டின் புள்ளியும் கோடும் காதில் ஏறிவிட்டன.

பதினொரு வருடத்துக்கு முன்னால், வீட்டிலிருந்தே காற்றலையில் பேசும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்காக மோர்ஸ் படிக்க வந்தவர் சவரிராயன். பரீட்சையில் தேறிவிட்டார். ஆனால் படிப்பை விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் மலைமேல் உட்கார்ந்து அவர் கீ என்கிற தட்டுவிசையைத் தட்டுவார். கீழே தையல் மிஷினை நிறுத்திவிட்டு டீச்சர் கேட்பார். அன்றைக்கு எஸ்டேட்டில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், யானை எந்தப் பக்கம் இறங்கியது, எல்லாம் புள்ளியாகவும் கோடாகவும் இறங்கிவரும்.

"வாங்க கம்பவுண்டரே. மொதல்ல உக்காருங்க," என்றார் டீச்சர்.

"டீச்சர், இந்தப் பெட்டி சரியில்ல."

துண்டைப் பிரித்து, துணி வெட்டும் மேசைமேல் பெட்டியை வைத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. பக்கவாட்டில் சத்தம் கேட்க ஒரு துளை. மோர்ஸ் சத்தத்தைக் கேட்டு எழுத்தாகத் திரையில் காட்டும் பெட்டி அது. அடுத்தவர் அனுப்புவதைப் படிக்கத்தான் நிறையப் பேர் வாங்குவார்கள். சவரிராயன் வாங்கியது தன் கையைத் திருத்திக்கொள்ள. தான் தட்டுவது எதிர்ப்பக்கத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்க்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

"வாங்கி ரெண்டு மாசம் ஆச்சே. நல்லா இருக்குன்னீங்களே?"

"நல்லாத்தான் இருந்துச்சு. 'ஏ', 'என்' அப்படின்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்து அனுப்பினா 'பி'ன்னு ஒரே எழுத்தாக் காட்டுச்சு. நடுவுல மூச்சு விடாம ஒட்டி அடிக்கிறேன்னு புரிஞ்சுது. ஒரு வாரத்துல திருத்திட்டேன். இப்ப என்னடான்னா…"

"என்ன?"

"அஞ்சு அனுப்பினா நாலுன்னு காட்டுது."

டீச்சர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

மோர்ஸில் ஐந்துக்கு ஐந்து புள்ளி. நாலுக்கு நான்கு புள்ளி, கடைசியில் ஒரு கோடு. புள்ளி என்றால் குட்டைச் சத்தம். கோடு என்றால் நெட்டைச் சத்தம்.

"கீ கொண்டாந்திருக்கீங்களா?"

இருந்தது. பையிலிருந்து கீயையும் பழகுவதற்கான சின்ன ஒலிப்பானையும் எடுத்து மேசையில் பொருத்தினார்.

டீச்சர் ஒரு துண்டுத்தாளையும் சாக்பீஸ் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"எண்ணுங்களாக் கலந்து அனுப்புங்க."

சவரிராயன் அனுப்பினார். ஏழு, மூன்று, ஐந்து, பூஜ்யம், ஐந்து, இரண்டு.

டீச்சர் தாளைத் திருப்பிக் காட்டினார். 735052.

பெட்டித் திரையில் 734042.

"பாத்தீங்களா டீச்சர்? நீங்க சரியா எழுதிட்டீங்க. பெட்டிதான் தப்பு."

டீச்சர் கீயைத் தன் பக்கம் இழுத்து ஐந்தைத் தட்டினார். திரையில் 5. மறுபடி தட்டினார். 5.

"உங்க கைக்கு மட்டும் சரியாக் காட்டுது," என்றார் சவரிராயன். சொல்லும்போதே தன் குரல் இறங்குவது அவருக்குக் கேட்டது.

அந்த நேரத்தில் பூவாத்தாள் என்று ஒரு வாடிக்கையாளர், தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்தார். தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கப் போகிறவர். அவசரத்தில் இருந்தார்.

"பூவாத்தாக்கா, ஒரு நிமிசம். இவரு ஒரு சத்தம் போடுவாரு. குட்டையா வந்தா குட்டைன்னு சொல்லுங்க. நெட்டையா வந்தா நெட்டைன்னு சொல்லுங்க."

"எனக்கென்னங்க தெரியும் இதெல்லாம்?"

"தெரியாததுதானுங்க வேணும்."

டீச்சர் சவரிராயனைப் பார்த்தார். "அஞ்சு அனுப்புங்க."

அவர் அனுப்பினார்.

பூவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கினார். "குட்டை, குட்டை, குட்டை, குட்டை… நெட்டை."

"இன்னொரு வாட்டி."

அனுப்பினார். இந்த முறை வேண்டுமென்றே கவனமாக.

"அதேதானுங்க. கடைசியில ஒண்ணு மட்டும் இழுக்குது."

பூவாத்தாள் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். பக்கத்துக் கடையில் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள். கீமேல் இருந்த சவரிராயனின் கை அப்படியே இருந்தது.

டீச்சர் சொன்னார்.

"அன்னிக்கு அனுப்பினதை அனுப்புங்க."

"வேண்டாம் டீச்சர்."

"அனுப்புங்க."

எது என்று இருவருமே சொல்லவில்லை. சவரிராயன் அனுப்பினார். வரி சின்னதுதான். மண் சரிவு, ஐந்தாம் லைன், ஏழு பேர் உள்ளே. அன்றைக்குப் போலவே மூன்று முறை.

திரையில் மூன்று முறையும் 4 என்றே வந்தது.

*

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஆடி மாதம் மாம்பாறையில் பதினொரு நாள் விடாமல் மழை. பதினோராவது நாள் விடிகாலையில் ஐந்தாம் லைன் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசைமேல் மண் சரிந்தது. ரோடு அறுந்துவிட்டது. போன் டவர் போய்விட்டது. சவரிராயனிடம் தானே கட்டிய சின்ன ரேடியோவும் பாதி தீர்ந்த பாட்டரியும் இருந்தன. அந்தப் பாட்டரிக்குப் பேச்சு எட்டாது. மோர்ஸ் எட்டும்.

அடிவாரத்து முகாமில் ரேடியோ பார்த்தவர் வெங்கிடுபதி. உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். அப்போதே அறுபத்தைந்து வயது. மலையிலிருந்து வருவதை எழுதி மீட்புக்குழுவிடம் கொடுப்பது அவர் பொறுப்பு. சவரிராயன் மூன்று முறை அனுப்பினார். மூன்றாவது முறையோடு பாட்டரி தீர்ந்தது. கீழேயிருந்து என்ன பதில் வந்தது என்று கேட்க அவருக்கு வழி இல்லை.

மீட்புக்குழு நாலாம் லைனுக்குப் போனது. அங்கேயும் மண் சரிந்திருந்தது. ஆனால் ஆட்கள் முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அது தெரியாமல் காலி வீடுகளைத் தோண்டினார்கள். பிறகு காட்டாற்றைச் சுற்றிக்கொண்டு ஐந்தாம் லைனுக்கு வந்துசேரப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது.

ஆறு பேரை உயிரோடு எடுத்தார்கள்.

ஏழாவது ஆள் முத்துராக்கு. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். மாடசாமியின் மனைவி. விழுந்த சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். ஒரு கை நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. சவரிராயன் செய்தியை அனுப்பிவிட்டு ஓடிவந்து, அந்தச் சந்தில் கையை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டாங்களா கம்பவுண்டரய்யா?"

"சொல்லியாச்சு தாயி. வந்துட்டிருக்காங்க."

அதையே அவள் பலமுறை கேட்டாள். அவரும் அதையே பலமுறை சொன்னார். பகல் ஒரு மணிக்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அப்புறம் எல்லாரும் கூடிப் பேசியபோது வெங்கிடுபதி தன் தாளை எடுத்துக் காட்டினார். மூன்று வரி. மூன்றிலும் 4.

"எனக்கு நாலுன்னுதானுங்க கேட்டுது. மூணு வாட்டியும்."

சவரிராயன் எழுந்து கத்தினார். "நான் அஞ்சுன்னு அனுப்பினேன்யா! என் கை எனக்குத் தெரியாதா?"

அப்போது டீச்சரிடம் கேட்டார்கள். அன்றைக்குக் காற்றில் ஆன்டெனா விழுந்துபோனதால் டீச்சரால் அனுப்ப முடியவில்லை. ஆனால் ஒரு கம்பியைச் சன்னலில் கட்டிவிட்டுக் கடையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அஞ்சு," என்றார் டீச்சர். "மூணு வாட்டியும் அஞ்சுதான் வந்துச்சு."

அந்த வட்டாரத்தில் டீச்சரின் காதைச் சந்தேகப்பட ஆள் கிடையாது.

யாரும் வெங்கிடுபதியைத் திட்டவில்லை. வயசாகிவிட்டது, காது போயிருக்கும் என்றார்கள். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு காற்றலையில் அவர் வரவில்லை.

*

டீச்சர் மேசைமேல் கிடந்த துணியை மடித்து வைத்தார். கடையைப் பூட்டினார்.

"எங்க டீச்சர்?"

"உடுமலைக்கு."

பஸ்ஸில் இருவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இடம் இருந்தும் அப்படி உட்கார்ந்தார்கள்.

வெங்கிடுபதி தோப்பில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேகமாக வந்தார்.

"வாங்க அம்மிணி. அட, கம்பவுண்டருங்களா! வாங்க, வாங்க. நெழல்ல உக்காருங்க."

கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். இளநீர் வெட்டினார்.

"மாடசாமி எப்படி இருக்காருங்க?" என்று அவரே கேட்டார். "வர்ற ஆடிக்கும் நான் மேல வரோணும். போன ரெண்டு வருசமும் வந்தேன். மன்னிப்புக் கேட்டேன். இந்த வருசமும் கேக்கோணும்."

சவரிராயன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மலைக்கு வந்தீங்களா?" என்றார் சவரிராயன்.

"வந்தனுங்க. உங்களைப் பாக்கத்தான் தைரியம் வரல. நேரா மாடசாமி வூட்டுக்குப் போயி கால்ல விழுந்துட்டு, அடுத்த பஸ்ஸுல எறங்கிட்டேன்."

சவரிராயன் கையிலிருந்த இளநீர்க் காய் சாய்ந்து, தண்ணீர் மண்ணில் வழிந்தது.

"ஐயா," என்றார் டீச்சர். "நீங்க எழுதினது சரிங்க."

"எதுங்க?"

"நாலு."

வெங்கிடுபதிக்குப் புரியவில்லை. டீச்சர் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார். பெட்டி காட்டியதை, பூவாத்தாள் எண்ணியதை, அன்றைய செய்தியை மறுபடி அனுப்பியதை. எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

வெங்கிடுபதி பெட்டியைத் தொடவில்லை.

"இது எதுக்குங்க எனக்கு? கம்பவுண்டரு கையால அனுப்பட்டும். நான் கேக்கறேன்."

சவரிராயன் மண்டியிட்டு, கட்டில் விளிம்பில் கீயையும் ஒலிப்பானையும் வைத்து அனுப்பினார்.

"நாலு," என்றார் வெங்கிடுபதி.

மறுபடி.

"நாலு."

மூன்றாவது முறை சவரிராயன் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அனுப்பினார்.

"இப்பவும் நாலுதானுங்க. போதும், விடுங்க."

தோப்புக்குள் தண்ணீர் பாத்தி நிரம்பி வரப்பு தாண்டி ஓடியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு வருசமா நான் காது டாக்டர்கிட்டப் போயிட்டிருக்கறேன்," என்றார். "காது நல்லாருக்குதுன்னு சொன்னாரு. பொய் சொல்றாருன்னு வேற டாக்டர்கிட்டப் போனேன். அவரும் அதையேதான் சொன்னாரு. நம்பல. பேத்தி ஏதாவது சொன்னாக்கூட ரெண்டு வாட்டி கேப்பேன். மொத வாட்டியே கேட்டிருக்கும். ஆனாலும் கேப்பேன். தாத்தா செவிடுன்னு அது இப்பக் கத்திக் கத்திப் பேசுது."

சவரிராயன் அவர் காலைத் தொடக் குனிந்தார். வெங்கிடுபதி காலை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, அன்னிக்கு நான் பொய் சொல்லலைங்க," என்றார் டீச்சர். "எனக்கு அஞ்சுன்னுதான் கேட்டுச்சு."

"தெரியுமுங்க அம்மிணி. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க." அவர் டீச்சரின் முகத்தை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "அதனாலதான் என் காதை விட்டுப்போட்டு உங்களை நம்புனேன்."



"மறுபடி ரேடியோவுக்கு வாங்கய்யா," என்றார் சவரிராயன். "எல்லாருக்கும் நான் சொல்றேன். உங்க பேரு…"

"செட்டைக் குடுத்துட்டனுங்க."

"வேற வாங்கிக்கலாம்."

"கேக்கற ஆசை போயிருச்சுங்க கம்பவுண்டரே. அதை எங்க வாங்கறது?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போயிட்டு வாங்க. இன்னொரு நாளைக்கு வேணா பேசலாம்."

வந்தவர்களை ரோடு வரைக்கும் வந்து வழியனுப்புவது அவர் வழக்கம். அன்றைக்கு அவர் வரவில்லை. தூரத்தில் அவர் வரப்புக்கு மண் அணைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சவரிராயன் கேட்டார்.

"டீச்சர், பதினொரு வருசத்துல ஒருநாள்கூட உங்களுக்கு அது இழுக்கறது கேக்கலையா?"

டீச்சர் யோசித்தார். சாக்குச் சொல்ல யோசிப்பதுபோல் இல்லை. தேடிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"மொத வருசம் கேட்டிருக்கணும். அப்ப உங்க சின்னப் பொண்ணு டைபாய்டுல கிடந்தா. ஆஸ்பத்திரி வேலையும் பாத்துட்டு, ராவெல்லாம் முழிச்சுட்டு, பழக வருவீங்க. கை தடுமாறும். பாவம், இன்னிக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு விட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு அது அஞ்சாவே புரிய ஆரம்பிச்சுருச்சு."

*

வியாழக்கிழமை மாலை சவரிராயன் ஐந்தாம் லைனுக்குப் போனார். பழைய வீடுகள் இருந்த இடத்தில் இப்போது புல். கொஞ்சம் தள்ளிப் புதிதாகக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் மாடசாமி கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

சவரிராயன் நின்றபடியே சொன்னார். உட்கார்ந்து சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. மாடசாமி தீட்டுவதை நிறுத்தவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகும் கொஞ்சநேரம் கத்தி கல்லில் உரசிக்கொண்டே இருந்தது.

"அப்ப அந்தப் பெரியவர்மேல தப்பில்ல?"

"இல்ல. என்மேல."

"ரெண்டு தரம் வந்தாரு கம்பவுண்டரே. வாசல்ல விழுந்தாரு. நான் ஒரு வார்த்தை பேசல. எந்திரிங்கன்னுகூடச் சொல்லல. உள்ள போயிக் கதவைச் சாத்திட்டேன்." மாடசாமி கத்தியைக் கீழே வைத்தார். "ரெண்டாவது தரம் நல்ல மழை. அவரு ரொம்ப நேரம் வெளியவே நின்னாரு. சன்னல்ல பாத்துட்டுத்தான் இருந்தேன்."

சவரிராயன் காத்திருந்தார். தன்னை அடிப்பார், திட்டுவார், கதவையாவது சாத்துவார் என்று நினைத்தார்.

"உங்களை நான் என்ன சொல்றது? நீங்க அவ கையைப் பிடிச்சுட்டு இருந்தீங்க," என்றார் மாடசாமி. "போங்க. இருட்டப் போகுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வட்டாரத்து ஹாம்கள் எல்லாரும் காற்றலையில் கூடிப் பேசும் நேரத்தில், சவரிராயன் தன் தவறைச் சொன்னார். அடுத்து டீச்சரும் சொன்னார். சிலர் ஆறுதல் சொன்னார்கள். பாட்டரி பலவீனம், மழைச் சத்தம், யாருக்கும் வரக்கூடியதுதான் என்றார்கள். தொடர்பின் தொடக்கத்தில் எல்லாரும் மரியாதைக்கு 599 என்று அனுப்புவார்கள். சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம். சவரிராயன் பதினொரு வருடமாக 499 என்றே அனுப்பியிருக்கிறார். ஆயிரக்கணக்கான பேர் அதை 599 என்று எழுதிக்கொண்டார்கள். ஒருவர்கூட அவரிடம் சொன்னதில்லை.

வெங்கிடுபதி அன்றைக்கும் வரவில்லை. ஆடி மாதம் அவர் மலையேறவில்லை. மாடசாமிதான் சவரிராயனோடு கீழே உடுமலைத் தோப்புக்கு இறங்கினார். மூவரும் கட்டிலில் உட்கார்ந்து தென்னைக்கு வந்த நோயைப் பற்றிப் பேசினார்கள். புறப்படும்போது வெங்கிடுபதி மாடசாமியின் கையில் ஒரு சாக்கு தேங்காய் கொடுத்தார். மாடசாமி வாங்கிக்கொண்டார். ரேடியோ என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

உடுமலையிலிருந்து திரும்பிய நாளோடு டீச்சர் சவரிராயனுக்குக் காது கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

"செவ்வாய், வெள்ளி இனி வேண்டாம்ங்க," என்றார் போனில். "பெட்டியை வெச்சுப் பழகுங்க."

"கோவமா டீச்சர்?"

"இல்லைங்க."



சவரிராயன் தினமும் காலையில் ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்னால் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு ஐந்தைத் தட்டினார். ஐம்பது ஐந்து. முதல் வாரம் ஐம்பதும் நாலு. ஐந்தாவது புள்ளி வந்தால் கை வேலை முடிந்ததென்று உட்கார்ந்துவிடும். உட்கார்கிற அந்த இம்மிநேரம்தான் கோடு. கையைத் தூக்கு, தூக்கு என்று தனக்குச் சொல்லிக்கொள்வார். தூக்கும் அவசரத்தில் ஆறு புள்ளி விழும். பெட்டி அதற்கு ஓர் எழுத்தும் காட்டாது. வெறும் திரை.

பெட்டி அலுத்துக்கொள்ளவில்லை. பாராட்டவும் இல்லை. காய்ச்சலோடு உட்கார்ந்த நாளிலும் நாலை நாலு என்றே காட்டியது.

இரண்டு மாதத்தில் பத்துக்கு மூன்று சரியாக வந்தது. ஐந்து மாதத்தில் பத்துக்கு எட்டு. முத்துராக்குவின் விரல் ஞாபகம் வந்தால் மட்டும் எல்லாம் மறுபடி நாலாகிவிடும். அந்த நாள்களில் பெட்டியை மூடிவிட்டு ஆஸ்பத்திரியைத் திறக்கப் போய்விடுவார்.

பத்தாவது மாதம் ஒரு காலையில் ஐம்பதும் ஐந்தாக வந்தது. அவர் நம்பவில்லை. மறுநாளும் வந்தது. அடுத்த பத்து நாளும் வந்தது.

பதினோராவது நாள் பஸ் ஏறினார்.

டீச்சர் ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது.

"வாங்க கம்பவுண்டரே."

சவரிராயன் மேசைமேல் கீயையும் ஒலிப்பானையும் வைத்தார். பெட்டியைக் கொண்டுவரவில்லை. வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

ஐந்தை அனுப்பினார். நிறுத்தினார். மறுபடி அனுப்பினார். ஐந்து புள்ளி, ஒரே அளவாக. கடைசிப் புள்ளியில் கை தானாகவே எழுந்தது.

டீச்சர் நாடாவைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது.

"இப்பச் சரியா இருக்கா டீச்சர்?"

வெளியே ஒரு பஸ் நின்று, ஆள் இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது.

"என்னைக் கேக்காதீங்க," என்றார் டீச்சர். "எனக்கு எப்பவும் அஞ்சுன்னுதானுங்க கேட்டுச்சு."